பதினேழாம் எண்ணுக்குரியவர்

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் செயலர் தொலைபேசியில் வணக்கம் சொல்வதற்கு முன்பே எண்ணிக்கையைச் சொன்னார்.

"மேடம், உங்க பேட்டிப் பிரதி இருபத்து மூணு இருக்கு. ஒப்புதல் படிவம் இருபத்திரண்டுதான் இருக்கு. பதினேழாம் நம்பர் படிவம் இல்ல."

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். நல்லாப் பாருங்க."

"மூணு தடவ பாத்தாச்சு. நாலாவது தடவ எண்ணினா எனக்கு என் மேலயே சந்தேகம் வந்துரும். இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதினேழாம் நம்பர் கையெழுத்துப் போட்ட படிவம் வரணும். வரலைன்னா பதினேழு சொன்ன ஒரு வரிகூடப் புத்தகத்துல இருக்கக்கூடாது."

அப்போது காலை மணி எட்டேகால். புத்தகம் மறுநாள் அச்சுக்குப் போகவிருந்தது. இஸ்லாமியச் சமூகங்களில் சமயமும் பண்பாடும் அடையாளமும் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்று ஆராய்வதில் அந்தப் பெண்மணி ஏழு ஆண்டுகளைச் செலவிட்டிருந்தார். முதல் ஆறு அத்தியாயங்களில் கேள்வி இருந்தது. ஏழாம் அத்தியாயத்தில் விடை இருந்தது. அவ்விடை முழுவதும் பதினேழாம் எண்ணின் வாயிலிருந்து வந்தது. அதை நீக்குவது, விருந்தாளியைப் பந்திவரை அழைத்துவந்து இலையை எடுத்துவிடுவதற்கு ஒப்பாகும்.

பதினேழாம் எண் யார் என்பது ஆய்வாளருக்குத் தெரியாது. தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் ஒன்றில் அவர் பேட்டிகளை எடுத்திருந்தார். ஒரே சட்டையின் கையும் கழுத்தும் வெவ்வேறு துணியிலிருந்து வந்துவிடாமல் இருப்பதற்காக, அங்கே வெட்டிய துண்டுகளைக் கட்டாகக் கட்டி, எண் எழுதிய சீட்டு ஒன்றை ஒவ்வொரு கட்டிலும் தைத்து வைப்பார்கள். அத்தகைய சீட்டுகள் இருபத்து மூன்றினை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, பேச வந்த ஒவ்வொரு பெண்ணையும் ஒன்று எடுக்கச் செய்தார். அப்பெண் தன் எண்ணை ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிவிட்டுப் பேசுவாள். அதே எண்ணைப் படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, உறையிலிட்டு ஒட்டி, குழுவுக்கு அனுப்பிவிடுவாள்.

ஒலிப்பதிவுகள் தொலைவூரில் இருந்த தட்டச்சாளரிடம் போயின. அவர் கேள்விகளையும், பெயர், வயது, குடும்ப விவரம் ஆகியவற்றையும் நீக்கிவிட்டு, பதில்களை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பினார். பிறகு ஒலிப்பதிவுகள் அழிக்கப்பட்டன. எல்லாம் விதி. யார் என்ன சொன்னார் என்பதைத் தம் நினைவிலிருந்தும் அழித்துவிட ஆய்வாளர் முயன்றார். அதிலும் வெற்றி பெற்றார். தம் நாட்குறிப்பில் இருபத்திரண்டு பேட்டிகளே பதிவாகியிருக்க, தட்டச்சாளர் இருபத்து மூன்றினை அனுப்பியபோது, ஒன்றைக் குறிக்க மறந்துவிட்டதாகத் தம்மையே கடிந்துகொண்டதோடு சரி.

மருந்துக்கடை வைத்திருந்த அவருடைய கணவர் ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாம் அத்தியாயத்தைப் புரட்டினார். மனைவியின் எழுத்தை அவர் படிப்பது அதுவே முதல் முறை. முப்பத்தொன்றாம் கேள்விக்குப் பதினேழாம் எண் அளித்த பதிலை உரக்க வாசித்தார்:

"முதல்ல மார்க்கமா, மொழியா, ஊரா, குடும்பமா, வரிசைப்படுத்துன்னா எப்படி? கோட்டுல துணியத் தனியா, லைனிங்கத் தனியாப் பிரிச்சு வச்சா ரெண்டு துணி இருக்கும், கோட்டு இருக்காது. குளிர்ல நிக்கறப்ப ரெண்டுல எது நம்மள காப்பாத்துதுன்னு யாரு பாக்கறா? இந்தக் கேள்விய எழுதினவங்க யாரோ தெரியல. குளிர்ல நின்னு பழக்கமில்லாதவங்க."

வாசித்துவிட்டு ரொட்டியைக் கடித்தார். "ஏம்மா, இந்த அம்மா உன்ன மாதிரியே திட்டுது."

"நான் எப்பங்க யாரைத் திட்டினேன்?"

"இதோ, இப்ப."

"விளையாட இது நேரமில்ல. என்னைத் தையக்கூடத்துல இறக்கி விடுங்க."

ஆய்வாளர் தம் சாம்பல்நிறக் கோட்டை அணிந்துகொண்டார். அதன் இடப்பக்கத்தில், கைக்குக் கீழே, ஏதோ ஒன்று உறுத்தும். இரண்டு குளிர்காலங்களாக உறுத்திக்கொண்டிருந்தது. புத்தகம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

தையற்கூடம் இரண்டாம் மாடியில் இருந்தது. இருபத்தாறு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடியதால் படிக்கட்டே நடுங்கிற்று. நடுவில் இருந்த நீண்ட மேசை கட்டிங் அக்காவின் ஆட்சிக்குட்பட்டது. மேசைமேல் எது வந்தாலும் அதன் சீட்டு எண்ணை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அவர் கத்தரியைத் தொடுவார். "நாப்பத்தொண்ணு" என்றார், வெட்டினார். "நாப்பத்திரண்டு" என்றார், நிமிர்ந்தார்.

"வாங்க மேடம். புத்தகம் வந்துருச்சா?"

"வரணும்னா எனக்குப் பதினேழாம் நம்பர் வேணும். அந்த நம்பர்ல பேட்டி கொடுத்தது யாரு?"

எவருக்கும் நினைவில்லை. நாளொன்றுக்கு நூறு சீட்டுகள் புழங்கும் கைகள் அவை. ஆகவே, அந்தக் கோட்டுப் பதிலை வாசித்துக் காட்டுவதைத் தவிர ஆய்வாளருக்கு வேறு வழியில்லாமற்போயிற்று. காலர் தைக்கும் ரேடியோ தன் இயந்திரத்தை நிறுத்தினாள். வாய் ஓயாதவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் நிறுத்தியதைக் கண்டு மற்ற இயந்திரங்களும் ஒவ்வொன்றாக நின்றன.

"அது நான்தான்" என்றாள் ரேடியோ.

"நீயா? நீ பேசியிருந்தா இன்னும் முடிஞ்சிருக்காது" என்றார் பட்டன் மாமி. கூடத்தில் அவரே மூத்தவர். பட்டன் தைப்பது அவர் வேலை. "அது என் பேச்சு. கோட்டுன்னு சொல்லியிருக்கில்ல. கோட்டுக்குப் பட்டன் யாரு தைக்கறா?"

"மாமி, அதுல பட்டன்னு ஒரு வார்த்தை இருக்கா?"

"தன்னடக்கத்துல விட்டிருப்பேன்."

கட்டிங் அக்கா கத்தரியால் முதுகைச் சொறிந்தார். "இத நான் எங்கயோ கேட்டிருக்கேன்."

அவ்வளவுதான். அக்காவின் காதில் விழுந்திருக்கிறது என்றால், அவர் மேசைக்கு அருகில் இருப்பவர்களுள் ஒருத்தி சொன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று மேசைக்கு அருகில் இருந்த ஒன்பது பேரும் முடிவு செய்தனர். அக்காவின் குரலே தங்களுக்குக் கேட்பதில்லை என்று சன்னலோரத்தார் வழக்காடினர். பேட்டியே கொடுக்காத நால்வரும், கொடுத்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று கூறித் தங்களையும் சேர்த்துக்கொண்டனர். ஐந்து நிமிடத்தில் பதினேழாம் எண்கள் பதினெட்டு ஆயின.

"இருங்க" என்றார் ஆய்வாளர். "பதினேழு எப்படிப்பட்டவங்கன்னு நான் எழுதியிருக்கேன். அத வச்சுப் பாக்கலாம்." பக்கத்தைத் திருப்பி, வகுப்பறைக் குரலில் வாசித்தார்: "பதினேழாம் எண்ணுக்குரியவர் ஐம்பது வயதைக் கடந்தவராக இருக்கலாம்."

பதினொரு பேர் உட்கார்ந்துவிட்டனர்.

"எனக்கு நாப்பத்தி மூணு" என்றாள் ரேடியோ.

"எத்தன வருஷமா?" என்று மாமி கேட்டார்.

"முறையான கல்வி அதிகம் பெறாதவராகவும் இருக்கக்கூடும்."

"நான் பத்தாவது பாஸ்" என்று நால்வர் ஒரே குரலில் கூறி விலகினர்.

"எனினும், ஏட்டுப்படிப்பு கலைத்துவிடாத இயல்பான அறிவின் ஒளி அவர் சொற்களில் சுடர்கிறது."

உட்கார்ந்திருந்த பதினைந்து பேரும் எழுந்தனர்.

மணி பதினொன்றரை ஆயிற்று. இப்படியே போனால் நாளை மறுநாளும் முடியாது என்று கட்டிங் அக்கா ஒரு வழி சொன்னார். துணி எந்தக் கட்டைச் சேர்ந்தது என்ற ஐயம் வந்தால் அதே தறித்துணியில் இன்னொரு துண்டை வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அதே கேள்வியை எல்லோரிடமும் மறுபடி கேட்க வேண்டும். யார் பதில் பொருந்துகிறதோ அவரே பதினேழு. ஆய்வாளர் எழுதுகோலை எடுத்துக்கொண்டார்.

"மார்க்கம், மொழி, ஊர், குடும்பம். வரிசைப்படுத்துங்க."

ரேடியோ தொண்டையைச் செருமினாள். "எது மார்க்கம், எது ஊர் வழக்கம்னு எங்க மாமியாருக்கு நல்லாத் தெரியும் மேடம். அவங்களுக்குப் பிடிச்சதெல்லாம் மார்க்கம். எனக்குப் பிடிச்சதெல்லாம் வழக்கம். அதனால முதல்ல மாமியார். மத்தது அவங்க பாத்து விட்டது."

வேற்றுமொழி பேசும் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண் அடுத்துப் பேசினாள். "வீட்டுல அவரோட மொழி. இங்க உங்க மொழி. தொழுகைல அரபு. கனவு மட்டும் எங்க அம்மா பேசற மொழியில வருது. தூங்கறப்ப யாரும் படிவம் கொண்டாந்து கேக்கலங்கறதால வரிசை இல்லாமலே வருது."

பட்டன் மாமி கேள்வியைப் பரிவோடு ஏற்றுக்கொண்டார். "சட்டைக்கு மேல் பட்டனை முதல்ல தச்சா வரிசை கோணிக்கும். நடுவுல ஒண்ணு தச்சுட்டு மேலயும் கீழயும் போகணும். எனக்கு நடுப் பட்டன் தொழுகை. மேல ஒண்ணு ரெண்டு கழண்டிருக்கு. சட்டை நிக்குதில்ல?"

ஆய்வாளரின் கை ஓடிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இவர்கள் இப்படியெல்லாம் பேசவில்லையே என்று எண்ணினார். கருவியை முன்னால் வைத்ததும் எல்லோரும் தேர்வு எழுதுவது போலப் பேசியது நினைவுக்கு வந்தது. இப்போது பதினேழாம் எண்ணாக ஆகவேண்டும் என்ற ஆசையில் ஒவ்வொருத்தியும் தான் யாரோ அவளாகவே ஆகியிருந்தாள். ஆனால் ஒரு பதிலும் அந்தக் கோட்டுப் பதிலின் அருகே வரவில்லை.

"சரி, மாமியார் பாக்கறப்ப மட்டும் தொழுவேன்னு ஒருத்தி சொன்னாளே, ஒன்பதாம் நம்பர். அது யாரு?" என்று ஆய்வாளரின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே புதுப்பெண் கேட்டாள்.

இருபத்தாறு பேரும் இருபத்தைந்து பேரைக் கை காட்டினர்.

நண்பகல் தொழுகைக்கான அழைப்பு சன்னல் வழியே வந்தது. ஆய்வாளர் கோட்டைக் கழற்றி, இடமில்லாமையால் வெட்டும் மேசைமேல் போட்டுவிட்டு, கைகால் கழுவப் போனார். பின்னறையில் விரித்த பாயில், மாமிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் தோள் உரச நின்று தொழுதார். அங்கு வந்த நாளெல்லாம் அந்த வரிசையில், அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறார். தம் புத்தகத்தின் முதற்பக்கத்தில், இச்சமூகத்தை வெளியிலிருந்து நோக்கும் ஆய்வாளர் என்று தம்மைப் பற்றி எழுதியிருந்தது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. தொழுகையில் வேறு நினைவு கூடாது.

திரும்பி வந்து எல்லோரும் இருக்கையில் அமர்ந்தனர். கட்டிங் அக்கா மேசைக்குப் போனார். மேசைமேல் கிடந்ததை இழுத்தார். உள்புறத்தைப் புரட்டினார். அக்குளுக்குக் கீழே நூலில் தொங்கிய சீட்டைப் பார்த்தார்.

"பதினேழு" என்று உரக்கச் சொல்லிக் கத்தரியை எடுத்தார்.

அக்கா கத்தரியை மெல்லக் கீழே வைத்தார். சீட்டையும், கோட்டையும், கோட்டுக்குரியவரையும் அந்த வரிசையிலேயே பார்த்தார்.

"மேடம், முதல் நாள் நீங்க மழையில நனைஞ்சு வந்தீங்கல்ல?"

"காய்ச்சலோட வந்தேன். வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் படுத்திருந்தேன்."

"கோட்டு லைனிங் கிழிஞ்சிருந்துச்சு. டப்பாலேருந்து கைக்கு வந்த சீட்டைத் தச்சு மேசையில போட்டேன். நீங்க மைக்கு வேலை செய்யுதான்னு பாக்கணும், ஏதாவது கேளுங்கன்னீங்க. உங்க கேள்விப் பேப்பர்தான் எதுக்க இருந்துச்சு. நம்பரைச் சொல்லிட்டு, லைனிங்கத் தச்சுக்கிட்டே ஒண்ணொண்ணா வாசிச்சேன்."

"நான் பதில் சொன்னேனா?"

"முதல்ல நல்லாத்தான் சொன்னீங்க. முப்பதுக்கு மேல சண்டை போட ஆரம்பிச்சீங்க."

"இத ஏன் காலையில சொல்லல?"

"நீங்க பேட்டி கொடுத்தது யாருன்னு கேட்டீங்க. நீங்க மைக்க சரி பாத்தீங்க, நான் கோட்டு தச்சேன். பேட்டின்னு யாரு சொன்னா? அதுவுமில்லாம தைக்கறப்ப எனக்கு நம்பர் மட்டும்தான் காதுல ஏறும்."

முதலில் சிரித்தது பட்டன் மாமி. அவர் வாயில் மூன்று பட்டன்கள் இருந்தமையால் அது சிரிப்பு என்று தெரியச் சிறிது நேரம் ஆயிற்று. பிறகு சன்னலோரம் சிரித்தது. பிறகு ரேடியோ அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு இருக்கைமேல் ஏறி நின்றாள்.

"முறையான கல்வி அதிகம் பெறாதவராகவும் இருக்கக்கூடும்" என்று ஆய்வாளரின் குரலிலேயே வாசித்தாள்.

"போதும், இறங்கு."

"ஏட்டுப்படிப்பு கலைத்துவிடாத இயல்பான அறிவின் ஒளி."

புதுப்பெண் துணிக்கட்டின்மேல் சாய்ந்துவிட்டாள். கட்டிங் அக்கா சிரித்துச் சிரித்து அளவு நாடாவால் கண்ணைத் துடைத்தார். ஆய்வாளர் உதட்டை இறுக்கி நிற்கத்தான் முயன்றார். இந்தக் கேள்வியை எழுதினவங்க குளிர்ல நின்னு பழக்கமில்லாதவங்க என்ற வரிக்குத் தாம் எழுதியிருந்த விளக்கம் நினைவுக்கு வந்துவிட்டது. கல்விப்புலத்தின் அகந்தைக்கு உழைக்கும் பெண் விடுத்த கண்டனம் என்று அதை நான்கு பக்கம் பாராட்டியிருந்தார். அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணீர் வழியச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் செயலருக்குத் தொலைபேசினார்.

"பதினேழு கெடைச்சுட்டாங்க. நான்தான்."

மறுமுனையில் தாள் புரளும் ஓசை வெகுநேரம் கேட்டது. "பேட்டி எடுத்தவரும் கொடுத்தவரும் ஒரே ஆளா இருக்கக்கூடாதுன்னு விதி இருக்கு மேடம்."

"எடுத்தவங்க வேற. இந்தக் கூடத்துல துணி வெட்டறவங்க."

"அவங்க தகுதி என்னன்னு எழுதணும்."

"இருபத்தெட்டு வருஷ அனுபவம்."

"அப்ப உங்களவிட ஜாஸ்தி" என்றார் செயலர். "அவங்க பேட்டியாளர் கையெழுத்துப் போடட்டும். நீங்க பங்கேற்பாளர் கையெழுத்துப் போடுங்க. அஞ்சு மணி."

ஆய்வாளர் கைப்பையிலிருந்து வெற்றுப் படிவத்தை எடுத்தார். கையொப்பமிடக் குனிந்தபோது கட்டிங் அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"எங்களுக்கெல்லாம் முழுசா வாசிச்சுக் காட்டிட்டுத்தான போடச் சொன்னீங்க? உக்காருங்க." மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "உங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் பேசினீர்களா?"

"காய்ச்சல்ல பேசினேன்."

"ஆமாவா, இல்லையா? அந்த ரெண்டுக்குத்தான் கட்டம் இருக்கு."

"ஆமா."

"நீங்கள் கூறியவை அச்சாகும் என்பது உங்களுக்குப் புரிகிறதா? எந்த நேரத்திலும் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. விலகறீங்களா?"

இருபத்திரண்டு பெண்களிடம் அவர் இக்கேள்வியைக் கேட்டிருக்கிறார். தம்மிடம் கேட்கப்பட்டபோதுதான் அதற்கு இரண்டு விடைகள் உண்டு என்பது தெரிந்தது. கையொப்பமிட்டால், தம் அறிவின் ஒளியைத் தாமே முப்பத்தெட்டுப் பக்கம் வியந்த அறிஞர் என்று துறை முழுவதும் சிரிக்கும். வெளியிலிருந்து நோக்குபவர் என்ற முதற்பக்கம் பொய்யாகும். விலகிக்கொண்டால் மானம் பிழைக்கும், விடை போய்விடும். மணி மூன்று. கூடம் காத்திருந்தது.

"என்ன யோசனை?" என்றார் பட்டன் மாமி. "சொன்னது யாராயிருந்தா என்ன? கேட்டப்ப நான் சொன்னதுன்னே நெனச்சேன். இதோ, பத்தாவது பாஸ் உட்பட எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. நாங்க சொல்லாததையா சொல்லிட்டீங்க?"

"ஒண்ண மட்டும் நாங்க சொல்லல" என்றாள் ரேடியோ. "கேள்வி எழுதினவங்களை இவ்வளவு திட்டல. மரியாதை தெரிஞ்சவங்க."

ஆய்வாளர் கையொப்பமிட்டார். பேட்டியாளர் என்று அச்சிட்ட இடத்தில் கட்டிங் அக்கா, துணியில் சுண்ணக்கட்டியால் வரைவது போல ஒரே இழுப்பில் தம் கையொப்பத்தை இட்டார். அச்சகத்துக்குத் தொலைபேசிய ஆய்வாளர், முதற்பக்கத்தில் வெளியிலிருந்து என்ற சொல்லையும், ஏழாம் அத்தியாயத்தில் கல்வியும் ஒளியும் பற்றிய இரண்டு வாக்கியங்களையும் நீக்கச் சொன்னார். பதினேழாம் எண் யார், எப்படிப் பேசினார் என்று இரவுக்குள் ஓர் அடிக்குறிப்பும், இன்று பேசியவர்களிடம் எழுத்துமூலம் இசைவு பெற்ற பிறகு அடுத்த பதிப்பில் ஒரு புதிய அத்தியாயமும் தருவதாகச் சொன்னார்.

"அடுத்த பதிப்புலயாவது ஒன்பதாம் நம்பரை நல்லபடியா எழுதுங்க" என்றார் பட்டன் மாமி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "மாமியார் மவுத்தாகி இருபது வருஷமாச்சு. இப்பெல்லாம் யாரும் பாக்காதப்பவும் தொழறேன்."

இதற்கும் கூடம் ஒரு முறை குலுங்கிற்று.

ஆய்வாளர் கோட்டை எடுக்கக் கை நீட்டினார். கட்டிங் அக்கா அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "சீட்டு அப்படியே இருக்கு பாருங்க. வேலை முடிஞ்சாத்தான் சீட்டை எடுப்போம். நான் வெறும் ஒட்டுத்தையல் போட்டு வச்சிருந்தேன், நீங்க அதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டீங்க. லைனிங்க இன்னும் கோட்டோட சேக்கல."

"வெளிய குளிருதுங்க."

"தெரியும். அடுத்த வியாழன் வாங்க."

கணவரின் வண்டி வந்துசேரும்வரை அவர் தெருவில் படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். காற்று சட்டைக்குள் புகுந்து வெளியேறிற்று. இரண்டாம் மாடிச் சன்னலில் ஏழெட்டுத் தலைகள் தெரிந்தன. "பதினேழு, போய்ட்டு வாங்க" என்று ரேடியோவின் குரல் தெரு முழுவதும் ஒலிபரப்பாயிற்று.

கணவர் கதவைத் திறந்தார். "பதினேழு கெடைச்சாங்களா?"

"கெடைச்சாங்க. நீங்க காலையில சொன்னவங்கதான்."

கணவர் அவருடைய வெறுந்தோளைப் பார்த்தார். "கோட்டு எங்கம்மா? இந்தக் குளிர்ல நிக்கறே?"

"பழகறேன்" என்றார் ஆய்வாளர். பற்கள் தந்தியடித்தமையால் அந்தச் சொல் மூன்று துண்டுகளாக வந்தது. வண்டி பல்கலைக்கழகத்தை நோக்கித் திரும்பும்போது, நாலே முக்கால் மணி வெயிலில், அவர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.